பள்ளிக் கேண்டீன் வாடகை குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு உணவுப் பாதுகாப்பு ஆணையர் அவர்கள், பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்கள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், பள்ளி வாயிலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020ஆம் ஆண்டிலேயே விதி வகுத்துவிட்டது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2010இல் தொடுக்கப்பட்ட ஒரு பொதுநல வழக்கிலிருந்து கிளம்பிய விதி அது. ஆகவே புதிய சட்டம் கேட்டு இம்மடலை நான் எழுதவில்லை. இருக்கும் விதி சென்னையில் யார் மீது பாய்கிறது, யாரைத் தொடாமல் போகிறது என்பதே என் கவலை.

என் மகள் மேற்கு மாம்பலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அப்பள்ளியின் வாசலில் மாங்காய் பத்தை, நெல்லிக்காய், அவித்த வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த தள்ளுவண்டி அம்மாவை, 50 மீட்டர் விதியைக் காட்டிச் சென்ற ஆண்டு அப்புறப்படுத்தினார்கள். மாங்காயின் மேல் அவர் தூவிய உப்பும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் அதிகம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே வாரத்தில் அதே பள்ளியின் கேண்டீனில் கிரீம் பிஸ்கட்டும், சிப்ஸ் பாக்கெட்டும், பப்ஸும், மாம்பழப் படம் போட்ட அட்டைப்பெட்டிப் பானமும் வழக்கம்போல் விற்றன. அந்தப் பானத்தின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 100 மில்லியில் 13 கிராம் சர்க்கரை என்றும் மொத்தம் 160 மில்லி என்றும் அச்சிட்டிருந்தார்கள். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 21 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டிக்கு மேல். வீட்டில் ஒரு தம்ளர் பாலில் இத்தனை சர்க்கரையை எந்தத் தாயும் போட மாட்டாள். பழச்சாறு பத்து சதவீதம் இருந்தாலே 'பழ பானம்' என்று பெயர் வைத்துக்கொள்ள நம் தரவிதிகள் இடம் தருகின்றன என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

இதற்குக் கேண்டீன் நடத்துபவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் அவரிடமே கேட்டபோது, பள்ளிக்கு மாதந்தோறும் கட்ட வேண்டிய வாடகையைச் சொன்னார். அதிக வாடகை தர ஒப்புக்கொள்பவருக்கே ஒப்பந்தம். இடைவேளையோ பதினைந்து நிமிடம். காலையில் அவித்த சுண்டல் மாலைக்குள் விற்காவிட்டால் குப்பைக்குத்தான் போகும். பாக்கெட்டோ மாதக்கணக்கில் அலமாரியில் கெடாமல் கிடக்கும். பாக்கெட்டுக்கு அடுப்பு வேண்டாம், ஆள் வேண்டாம், தட்டு கழுவவும் வேண்டாம். வாடகையை ஏற்றிவிட்டு, "சத்தான பண்டங்களையே விற்கவும்" என்று சுற்றறிக்கை ஒட்டினால், அந்த மனிதர் எந்தக் கணக்கில் கடை நடத்துவார்? பிள்ளைகள் தின்னும் பண்டத்தை அவர்களுடைய நாக்கு முடிவு செய்வதற்கு முன்பே அந்த ஒப்பந்தம் முடிவு செய்துவிடுகிறது.

இத்தனைக்கும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோறு போடுவதை நாட்டுக்கே கற்றுக்கொடுத்த ஊர் இது. 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கியது, 2022இல் காலை உணவுத் திட்டம் வரை வளர்ந்திருக்கிறது. சத்துணவுக் கூடத்தில் ஒரு பிள்ளைக்கு எத்தனை கிராம் அரிசி, எத்தனை கிராம் பருப்பு என்பதற்கு அரசாணை இருக்கிறது. கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளை இடைவேளையில் எதைத் தின்கிறது என்பதற்கு அப்படி ஓர் அளவுகோல் எங்கள் கேண்டீன் சுவரில் இல்லை.

எனவே நான் வேண்டுவது இதுதான். கேண்டீன் ஒப்பந்தங்களை வாடகைப் போட்டியிலிருந்து விடுவித்து, அன்றன்று சமைத்த சுண்டல், இட்லி, கொழுக்கட்டை, நீர்மோர், பழத்துண்டு போன்றவற்றை விற்பவருக்கு வாடகையைக் குறைத்தோ தள்ளுபடி செய்தோ தருமாறு தனியார் பள்ளிகளுக்கு அறிவுறுத்துங்கள். விதி சொல்லும் 'மிகுந்த' என்ற சொல்லுக்கு, கடைக்காரரும் பெற்றோரும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்ததுமே புரிந்துகொள்ளும் வகையில், இத்தனை மில்லிக்கு இத்தனை கிராம் என்று தமிழில் எழுதிக் கேண்டீன் முகப்பில் ஒட்டச் செய்யுங்கள். கடலை மிட்டாயும் ரோஸ் மில்க்கும் நம்மூர்ப் பண்டம் என்பதற்காக அந்த அளவிலிருந்து தப்பிவிட வேண்டாம். ஆய்வுக்கு வரும் அலுவலர் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்ப்பதற்கு முன் உள்ளே இருக்கும் அலமாரியைப் பார்க்கட்டும்.

எங்கள் பள்ளியின் கேண்டீன் ஒப்பந்தம் வரும் ஜூன் மாதம் புதுப்பிக்கப்பட இருக்கிறது. மற்ற பள்ளிகள் பலவற்றிலும் கல்வியாண்டுத் தொடக்கத்தில்தான் இது நடக்கும் என்று எண்ணுகிறேன். உங்கள் வழிகாட்டுதல் ஏப்ரல் மாதத்துக்குள் வந்தால் கையெழுத்திடுவதற்கு முன் அதைக் கூட்டத்தில் எடுத்து வைக்க எங்களால் முடியும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
மேற்கு மாம்பலம், சென்னை.