சியாட்டிலின் ஜன்னல் கடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவல் நிமித்தமாக வெளிநாடு சென்று திரும்புவோர் எழுதும் பயணக் குறிப்புகளை விரும்பிப் படிப்பவன் நான். அவற்றில் அருங்காட்சியகங்களும் பாலங்களும் தவறாமல் இடம்பெறுகின்றன. சாப்பாடு என்று வரும்போது மட்டும், எந்த உணவகத்தில் இட்லி கிடைத்தது என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் எங்கே போய்ச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் எழுதலாமே என்ற ஆதங்கத்தில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வேலையாகத் தங்கியிருந்தபோது நான் கண்ட ஒரு கடையைப் பற்றி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நகரின் வடபகுதியில், வாலிங்ஃபோர்டு என்னும் குடியிருப்புப் பகுதியின் 45-ஆம் தெருவில் இருக்கிறது டிக்ஸ் டிரைவ்-இன் என்னும் பர்கர் கடை. வேலை முடிய நேரமாகிவிட்ட ஓர் இரவில், அந்நேரத்திலும் திறந்திருக்கும் கடை எது என்று விசாரித்தபோது விடுதி வரவேற்பாளர் சற்றும் யோசிக்காமல் சொன்ன பெயர் அது. இரவு இரண்டு மணி வரை அங்கே வியாபாரம் நடக்கிறது. உள்ளே போய் உட்காருவதற்கு அறை ஏதும் கிடையாது. வாகனம் நிறுத்தும் திடல், அதன் ஓரத்தில் பெரிய கண்ணாடிகள் பதித்த ஒரு சமையற்கூடம், அதன் முகப்பில் வரிசையாகச் சில ஜன்னல்கள், அவ்வளவுதான். கல்லில் இறைச்சி வேகுவதும், உருளைக்கிழங்கு எண்ணெயில் இறங்குவதும், பொட்டலம் கட்டுவதும் வரிசையில் நிற்பவரின் கண்ணெதிரே நடக்கின்றன. வாங்கியதைக் காரிலோ நடைபாதையிலோ நின்று சாப்பிட்டுக்கொள்ள வேண்டியது நம் பாடு.

டிக் ஸ்பேடியும் அவருடைய கூட்டாளிகள் இருவரும் இந்தக் கடையை 1954 ஜனவரியில் திறந்தபோது ஒரு ஹாம்பர்கரின் விலை 19 சென்ட். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1948-இல், கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள், காருக்கே உணவு கொண்டுவந்து தரும் பணியாளர்களை நிறுத்திவிட்டு, பட்டியலையும் சுருக்கி, வாடிக்கையாளரை ஜன்னலுக்கு வரவழைத்து விலையைக் குறைத்திருந்தார்கள். அந்த முறையை நாடெங்கும் கொண்டுசெல்ல ரே கிராக் தம் முதல் கடையைத் தொடங்கிய 1955-க்கு முன்பே சியாட்டிலில் டிக்ஸ் வந்துவிட்டது. பின்னாளில் மெக்டொனால்டு உட்கூடம் கட்டியது, காரிலிருந்து இறங்காமலே வாங்கிச் செல்லும் தடம் போட்டது, கோழி, மீன், காலைச் சிற்றுண்டி என்று பட்டியலை நீட்டிக்கொண்டே போனது. டிக்ஸ் தொடங்கிய இடத்திலேயே நின்றது. 1974-இல் குயின் ஆன் பகுதியில் திறந்த கிளையில் மட்டும் உட்கார இடம் விட்டார்கள்; அதற்குப் பின் 2011 வரை, அதாவது 37 ஆண்டுகள், புதிய கிளை எதையுமே அவர்கள் திறக்கவில்லை. அடுத்த கடையை எந்தத் திசையில் திறக்கலாம் என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, வடக்கே எட்மண்ட்ஸ் நகரைத் தேர்ந்தார்கள் என்பது வியாபாரிகளிடம் நான் அதிகம் கேள்விப்படாத செய்தி.

விற்பவை மிகச் சில: நான்கு வகை பர்கர், உருளைக்கிழங்கு வறுவல், மில்க்ஷேக், ஐஸ்கிரீம், குளிர்பானம். வெங்காயம் சேர்த்துக் கொடுங்கள், சாஸ் இல்லாமல் கொடுங்கள் என்று கேட்டால், அப்படிச் செய்து தருவதில்லை என்று பணிவாகவே மறுத்துவிடுகிறார்கள். முதலில் எனக்கு இது அகந்தையாகத்தான் பட்டது. சற்று நேரம் நின்று பார்த்தபின் கணக்கு விளங்கியது. யாருக்கும் தனியாக எதையும் மாற்றித் தருவதில்லை என்பதால், வரப்போகும் கூட்டத்தை உத்தேசித்துப் பர்கர்களைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்க முடிகிறது. ஜன்னலில் நாம் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பொட்டலம் வந்துவிடுகிறது. அவ்வளவு நீண்ட வரிசையும் நடந்துகொண்டே இருக்கிறது. அப்படி மிச்சப்படும் நேரத்தை அவர்கள் வேறிடத்தில் செலவிடுகிறார்கள். வறுவலுக்கான கிழங்கை உறையவைத்த பொட்டலத்திலிருந்து எடுக்காமல் கடையிலேயே நறுக்குகிறார்கள். மில்க்ஷேக்கைக் கெட்டியான ஐஸ்கிரீமிலிருந்து ஒவ்வொன்றாகக் கலக்குகிறார்கள். வாடிக்கையாளரின் விருப்பமே தெய்வம் என்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் ஓதுகிறார்களே, அவர்களை ஒருநாள் இந்த வரிசையில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஊழியர் நலனை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இத்தகைய கடைகளில் வேலை பார்ப்போர் பெரும்பாலும் படிக்கும் வயதுப் பிள்ளைகள். குறிப்பிட்ட அளவு நேரம் வேலை செய்யும் பகுதிநேர ஊழியருக்கும் மருத்துவக் காப்பீடும் கல்விக்கு உதவித்தொகையும் இந்த நிறுவனம் நெடுங்காலமாக அளித்துவருகிறது. ஸ்பேடி 2016-இல் மறைந்த பிறகும் நிர்வாகம் குடும்பத்தின் கையிலேயே இருப்பதால், அந்த வழக்கம் தொடர்கிறது. மலிவு விலைக்கும் ஊழியர் நலனுக்கும் ஆகாது என்று நம்மிடம் சொல்லப்படும் வாதத்தை நான் இனி அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2019-இல் பில் கேட்ஸ் டிக்ஸ் கடையில் பொதுமக்களோடு வரிசையில் நிற்கும் படம் உலகெங்கும் பரவியது. அவர் நின்றதை எல்லோரும் வியந்தார்கள். அவருக்காக எவரும் வரிசையை விலக்கவில்லை என்பதே என் கண்ணுக்குப் பட்டது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கெட்சப்புக்குத் தனியே சில சென்ட் வாங்குகிறார்கள். தொகை அற்பமானாலும் எரிச்சல் வருகிறது. வறுவல் மொறுமொறுப்பாக இருக்காது, துவண்டிருக்கும். ஊர்க்காரர்களுக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி உண்டு. சியாட்டிலின் மழைக்காலத்தில் திறந்த வெளியில் பர்கர் சாப்பிடுவதில் இன்பம் ஏதும் இல்லை. நம்மவர்களுக்கு இருக்கும் பெரிய தடை, பர்கர் அனைத்துமே மாட்டிறைச்சி என்பது, கோழிக்கறிகூடக் கிடையாது. எனக்கு அதில் தயக்கம் இல்லாததால் சீஸ்பர்கர் சாப்பிட்டேன். மெல்லிய இறைச்சியும் மிருதுவான ரொட்டியுமாகச் சாதாரணமாக, ஆனால் குறையேதும் சொல்ல முடியாதபடி இருந்தது. என்னுடன் வந்த சைவ நண்பர் வறுவலையும் ஸ்ட்ராபெரி மில்க்ஷேக்கையும் வைத்து இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டார். அந்த மில்க்ஷேக் என் பர்கரைவிட மேல் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சியாட்டிலுக்கும் ரெட்மண்டுக்கும் வேலையாகச் செல்லும் தமிழர்கள் இன்று ஏராளம். வார இறுதியில் விண்வெளி ஊசிக் கோபுரத்துக்குப் போகிறவர்கள் இங்கேயும் ஒருமுறை போய்வரலாம்; பல்கலைக்கழகப் பகுதியிலிருந்து 44-ஆம் எண் பேருந்தில் ஏறினால் இந்தக் கடையின் அருகிலேயே இறங்கலாம். இதேபோல் பிற நாடுகளில் ஊர்க்காரர்கள் வரிசை கட்டி நிற்கும் எளிய கடைகளைக் கண்ட வாசகர்களின் குறிப்புகளைத் தாங்கள் கேட்டுப் பெற்று வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ருசியோடு விலையையும், கடை திறந்திருக்கும் நேரத்தையும், அங்கே வேலை பார்ப்போரின் நிலையையும் அவர்கள் எழுதினால் பயனுள்ளதாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
கோயம்புத்தூர்.