சோம்பு மெல்ல வேண்டாம்

அன்புள்ள செந்தில்,

பொங்கலுக்கு வரும்போது என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டிருந்தாய். சாக்லேட் வேண்டாம், பல் கூசுகிறது. ஸ்வெட்டரைத் திருச்சியில் போட்டுக்கொண்டு நான் எங்கே போவது? எனக்கு விஸ்கி வேண்டும். எழுத்துப்பிழை இல்லை, சரியாகத்தான் படித்தாய்.

போன தடவை வந்திருந்தபோது, காற்று வாங்கப் போகிறேன் என்று மொட்டைமாடிக்குப் போய், அரை மணி கழித்துச் சோம்பை மென்றுகொண்டே இறங்கி வந்தாய். அந்தச் சோம்பு என் அஞ்சறைப் பெட்டியில் இருந்தது. உனக்கு நாற்பத்தொரு வயது, ஒரு பிள்ளைக்குத் தகப்பன். உன் அப்பாவும் அதே பெட்டியிலிருந்துதான் எடுப்பார். அவர் குடித்த நாளை முப்பது வருடம் நான் கண்டுபிடித்ததே அந்தச் சோம்பு வாசனையை வைத்துத்தான்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கும் வாயில்லை. கிளாஸ்கோவில் உன் வீட்டில் ஐந்து மாதம் இருந்தபோது, வியாழக்கிழமை தோறும் கீழ்த்தளத்து அம்மாளிடம் பின்னல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவேனே, நினைவிருக்கிறதா? ஐந்து மாதத்தில் அந்த மஃப்ளர் ஒரு சாண்தான் வளர்ந்தது. ஏன் என்று நீங்கள் இருவரும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

விஸ்கி முதலில் மருந்தாகத்தான் வந்தது. எனக்கு இருமல் நிற்காத அந்த ஜனவரியில், தேன், எலுமிச்சைச் சாறு, இரண்டு கிராம்பு, இரண்டு ஸ்பூன் விஸ்கி, மேலே கொதிக்கும் நீர் என்று கலந்து அந்த அம்மாள் ஒரு கோப்பை கொடுத்தார். நம் சுக்குக் கஷாயத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. அதன் பெயர் ஹாட் டாடி (hot toddy). கள்ளைக் குறிக்கும் இந்திச் சொல் ஒன்றுதான் ஆங்கிலேயர் வாயில் டாடி ஆகி, கப்பலேறி அங்கே போய்ச் சேர்ந்தது. நம் பனைமரத்துச் சங்கதி ஸ்காட்லாந்துக் குளிருக்கு மருந்தாக இருப்பதை நினைத்துச் சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று அந்த அம்மாளுக்குப் புரியவில்லை.

அடுத்த வியாழன் இருமல் இல்லை. ஆனாலும் போனேன்.

அன்றைக்குத் தேனும் இல்லை, சுடுநீரும் இல்லை. அடி பருத்து வாய் குறுகிய சின்னக் கிளாஸில் ஒரு விரல் உயரம் ஊற்றி வைத்தார். நான் மூக்கை உள்ளே விட்டு ஓர் இழுப்பு இழுத்தேன்; ஸ்பிரிட் விளக்கின் மேல் குனிந்தது போல நெற்றி வரை எரிந்தது. அவர் என் கையைப் பிடித்துக் கிளாஸை மோவாய்க்குக் கீழே இறக்கினார். வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு மெல்ல மேலே கொண்டுவரச் சொன்னார். எரிச்சல் விலகியது. முதலில் பழுத்த பேரிக்காய், அப்புறம் வெல்லம் காய்ச்சும் வாடை, கடைசியில் மரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அது. குடிக்காமலே பத்து நிமிஷம் போனது. வாயில் விட்டபோது ஒரு சொட்டு அளவுதான் விட்டேன். நாக்கு பழகட்டும், இரண்டாவது மடக்கில்தான் ருசி தெரியும் என்றார். உண்மைதான்.

நாலாவது வாரம் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் லஃப்ராய்க் விஸ்கியைத் திறந்தார். 1815-இல் தொடங்கிய வடிசாலை. மூடியைத் திருகியதுமே நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். டிஞ்சர் அயோடின், டெட்டால், கழுவிவிட்ட ஆஸ்பத்திரி வராந்தா! முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவளுக்கு அது என்ன என்று சொல்லித் தர வேண்டுமா? ஃபீனால்கள். அங்கே சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிக் கிடக்கும் பாசியையும் புல்லையும் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து, நம் ஊரில் வறட்டி எரிப்பது போல எரிப்பார்கள். பீட் என்று பெயர். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது ஃபீனால்கள் ஏறிக்கொள்கின்றன. காரணம் தெரிந்தது, ஆனால் தொண்டைக்குள் இறங்கவில்லை. பாதியை வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் பெருங்காயத்தை நினைத்துக்கொண்டேன். கட்டிப் பெருங்காயத்தை முதன்முதலாக முகர்ந்து பார்க்கிற வெளிநாட்டுக்காரன் அதை உணவென்று நம்புவானா? நமக்கு அது இல்லாமல் ரசம் இல்லை. அடுத்த வாரம் மறுபடி கேட்டேன். மூன்றாவது முறை டெட்டால் போய், மழைநாளில் விறகடுப்பு வந்தது. என் பாட்டி வீட்டுச் சமையலறை. இப்போது எனக்குப் பிடித்தது அதுதான். ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துப் பார். கருப்பட்டியிலும் ஒரு புகை இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். மிளகாய்த்தூள் போட்ட மிக்சர் மட்டும் வேண்டாம். உறைப்பில் நாக்கு மரத்த பிறகு நல்ல விஸ்கியும் மட்டமான விஸ்கியும் ஒன்றுதான்.

தண்ணீர் விடலாமா என்று ஆண்கள் சண்டை போடுவார்கள். விடலாம், ஆனால் டீஸ்பூனால். 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் இதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். புகை மணத்துக்குக் காரணமானவற்றில் குவையகால் என்ற ஒன்று உண்டு. ஆல்கஹால் 45 விழுக்காடு வரை இருக்கும் கலவையில் அது மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. 59-க்கு மேல் போனால் ஆல்கஹால் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு அதை உள்ளே இழுத்துவிடுகின்றன. பீப்பாயிலிருந்து அப்படியே பாட்டிலில் அடைத்த காரமான சரக்கில் கொஞ்சம் நீர் விட்டதும் மணம் திறப்பது இதனால்தான். நாற்பது விழுக்காட்டுச் சாதாரண பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் போதும். ஐஸ் எனக்குப் பிடிக்காது. ஆறிய ரசத்தில் வாசனை உண்டா?

இதையெல்லாம் பெரிதாகச் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்கிறேன். திருச்சி மே மாதத்தில் இந்தச் சட்டம் எதுவும் செல்லாது. இதில் ஜப்பான்காரர்கள்தான் எனக்குத் துணை. உன் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில்தான் ஜப்பானிலிருந்து வந்த மசதகா தகெட்சுரு வேதியியல் படித்தார். 1918-இல் புறப்பட்டு வந்தவர், 1920-இல் ரீட்டா என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பி, 1934-இல் அங்கே யோய்ச்சி என்ற ஊரில் சொந்த விஸ்கி வடிசாலை தொடங்கினார். ஜப்பானியர்கள் விஸ்கியில் நிறையத் தண்ணீரோ சோடாவோ சேர்த்துச் சாப்பாட்டோடு குடிக்கிறார்கள். யாரும் அவர்களைக் குறை சொல்வதில்லை. நானும் உயரமான டம்ளர் நிறைய ஐஸ் போட்டு, ஒரு பங்கு விஸ்கிக்கு நாலு பங்கு சோடா விட்டுக் குடிக்கிறேன். ஐஸ் பிடிக்காது என்று இப்போதுதானே எழுதினேன்? அது சுத்தமான விஸ்கிக்கு. இது மோருக்குப் பதில். அளவு எப்போதும் டானிக் மூடியால் மூன்று, அதாவது முப்பது மில்லி, வாரத்தில் இரண்டு நாள். அதற்கு மேல் எனக்கு ருசிப்பதும் இல்லை, ரத்தக்கொதிப்பு மாத்திரை அதற்கு இடம் கொடுப்பதும் இல்லை.

போன மாதம் ஸ்கூட்டரை விற்க ஷெட்டை ஒழித்தேன். பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் செய்தித்தாள் சுற்றிய ஒரு குவார்ட்டர் பாட்டில் இருந்தது. பாதிக்குக் கொஞ்சம் மேல். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. தாளில் அதற்கும் முந்தைய தேதி. கூடத்துக்கு எடுத்து வந்து, கிளாஸில் ஊற்றி, கீழ்த்தளத்து அம்மாள் சொன்ன மாதிரியே மோவாய்க்குக் கீழே பிடித்து முகர்ந்தேன். ஸ்பிரிட், கருக்கிய சர்க்கரை, ஏதோ எசன்ஸ். அரை டீஸ்பூன் நீர் விட்டேன். ஒன்றும் திறக்கவில்லை. மரம் இல்லை, தானியம் இல்லை. கரும்புச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றியது. ஐரோப்பாவில் இதை விஸ்கி என்ற பெயரில் விற்கவே முடியாது. ஸ்காட்லாந்தில் ஓக் பீப்பாயில் மூன்று வருடமாவது கிடக்க வேண்டும் என்று சட்டம்.

உன் அப்பா ஷெட்டுக்குள் நின்றுகொண்டு, அண்ணாந்து, ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு முகத்தைச் சுளிப்பார். சன்னல் வழியாக எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! இவ்வளவு கசப்பாக இருந்தால் ஏன் குடிக்க வேண்டும் என்று அப்போது எனக்குக் கோபம் கோபமாக வரும். இதை வேறு எப்படிக் குடிப்பது? நாக்கில் நிறுத்திப் பார்க்க அதில் ஏதும் இல்லை. நிறுத்தப் பொழுதும் இல்லை, நான் வந்துவிடுவேன். அவருக்கு ஒரே ஒரு முறை நாற்காலி போட்டு, நல்லதாக ஒரு விரல் உயரம் ஊற்றி, எதிரே உட்கார்ந்திருக்கலாம். மிச்சத்தைக் கொட்டவில்லை. ஷெட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஆகவே இந்த முறை மாடிக்குப் போகாதே. கூடத்திலேயே உட்கார், எதிரே நான் உட்காருகிறேன். உன் மாமா வந்தால் என்ன செய்வது என்று கேட்காதே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். (என் பாட்டில் கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வேலைக்கு வரும் பெண் அதை வினிகர் என்று நம்புகிறாள், அல்லது நம்புவது போல நடிக்கிறாள்.)

வரியில்லாமல் ஆளுக்கு இரண்டு லிட்டர் கொண்டுவரலாம். லஃப்ராய்க் ஒன்று, புகை இல்லாதது ஒன்று, இரண்டாவது உன் விருப்பம். பெங்களூரின் அம்ருத் விஸ்கியை அங்கிருந்து சுமந்து வராதே. 2004-இல் உங்கள் கிளாஸ்கோவில்தான் முதலில் விற்பனைக்கு வந்தது என்றாலும், இங்கே பக்கத்தில் கிடைக்கும். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்கு இரண்டு விழுக்காடுபோல ஆவியாகிறதென்றால் பெங்களூர் வெயிலில் பத்துக்கு மேல் போகிறதாம். அதனால் சீக்கிரம் முதிர்கிறது. ஐலாவோடு அதையும் பக்கத்தில் வைத்து ஒருநாள் முகர்ந்து பார்ப்போம்.

கீழ்த்தளத்து அம்மாளிடம் நான் கேட்டதாகச் சொல், அவருக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். அந்த வாய் குறுகிய கிளாஸ் இரண்டு வாங்கி வா. உடையாமல் என் மஃப்ளரில் சுற்றிக்கொள், உன் அலமாரியில் கீழ்த்தட்டில் இருக்கிறது. பின்னல் ஊசி இன்னும் அதிலேயேதான் குத்தியிருக்கும், கை பத்திரம்.

அன்புடன்,
அம்மா