இங்கே ஆடியவர்களைப் பயிற்சியாளராக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கால்பந்து ஆட்டக்காரர்கள் ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளராவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சென்னை அணிக்குப் பயிற்சியாளராக வந்த வெளிநாட்டுக்காரர்கள் மார்கோ மட்டராஸி, ஓவன் கோய்ல் எல்லாரும் அதில் வந்திருந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பெயர்கூட இல்லை. அது மனதை உறுத்தியதால்தான் எழுதுகிறேன்.

மட்டராஸி மீது எனக்கு மரியாதை உண்டு. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்தவர், 2014-இல் நம் ஊர் அணியான ‘சென்னையின் எஃப்.சி.’க்கு வந்து தானும் ஆடிக்கொண்டே அணியையும் நடத்தினார். மறு வருடம் வெள்ளம். ஊரே தண்ணீரில் கிடந்ததால், சென்னையில் நடக்கவேண்டிய இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அரையிறுதியைப் புனேயில் ஆடினார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதியாட்டம். எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளக் கோடு இன்னும் ஈரமாக இருந்தது; டி.வி. கெட்டுப்போயிருந்ததால் தெருமுனை டீக்கடையில் நின்று பார்த்தோம். முடியப்போகிற நேரத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனதும் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். அதன்பிறகு நம் அணிக்கு இரண்டு கோல், 3-2 வெற்றி. கண்கலங்கி நின்றவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் இன்னொரு 3-2 இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை. 1973 டிசம்பர், எர்ணாகுளம். மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டியான சந்தோஷ் டிராபியின் இறுதியாட்டத்தில் கேரளம் ரயில்வேயை வென்றது. கேரளத்துக்கு அதுதான் முதல் சந்தோஷ் டிராபி. கேப்டன் மணி மூன்று கோல் அடித்தார். அந்த அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தர்ராஜ், நம் தமிழ்நாட்டுக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்தவர். அண்டை மாநிலம் அவரை அழைத்து அணியைக் கையில் கொடுத்தது, கோப்பை வந்தது. கேரளம் அதற்குப் பிறகு இன்னும் பல தடவை அதை வாங்கிவிட்டது. தமிழ்நாட்டு ஆண்கள் அணி இன்றுவரை ஒரு தடவைகூட வாங்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வலிக்கிறது.

அடுத்து சையத் சபீர் பாஷா. தொண்ணூறுகளில் நேரு ஸ்டேடியத்தில் லீக் ஆட்டம் பார்த்தவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. இந்தியன் வங்கியின் ஸ்ட்ரைக்கர், இந்தியாவுக்கும் ஆடியவர். பிறகு அதே வங்கி அணிக்குப் பயிற்சியாளரானார். சென்னையின் எஃப்.சி.யில் உதவிப் பயிற்சியாளர். 2018-இல் ஜான் கிரெகரி தலைமையில் பெங்களூரை பெங்களூரிலேயே வைத்து அடித்துக் கோப்பை வாங்கியபோது அவரும் அந்தக் குழுவில் இருந்தார். 2022 பிப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் பண்டோவிச் விலகியதும் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளராக நின்று அணியைத் தாங்கியவரும் அவர்தான்.

அவரால் இப்படி வர முடிந்ததில் வங்கி வேலைக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். ஆடும்போதும் சம்பளம், ஆட்டம் நின்றபிறகும் சம்பளம். வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிம்மதி இருந்தால்தான் ஒருவனால் மாலையில் பிள்ளைகளை நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுக்க முடியும். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., சுங்கத்துறை, ஏ.ஜி. அலுவலகம் என்று வடசென்னைப் பையன்களுக்கு அன்று கதவுகள் இருந்தன. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுப்பது இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஐ.எஸ்.எல். வரை போகிற சிலர் பிழைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வியாசர்பாடியிலிருந்தே தனபால் கணேஷ், நந்தகுமார் சேகர் என்று போனார்கள், பெருமைதான். அந்த வாசல்வரை போய்த் திரும்பிவந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். என் மகள் அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுவாள். பத்து வருடம் சென்னை லீக்கில் லெஃப்ட் பேக். முட்டி போனதும் ஆட்டம் நின்றது. இப்போது பகலெல்லாம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். காலை ஐந்தரைக்கு கிரவுண்டில் இருப்பார், நாற்பது பிள்ளைகள், ஆறு பந்து. பெண்பிள்ளைகள் பன்னிரண்டு பேர். பணம் வாங்குவதில்லை.

அவர் சொல்லிக்கொடுக்கும் விதத்தை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். பந்து வருகிற பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறார். கையை உயர்த்தி விரல்களைக் காட்டுகிறார். பந்து காலுக்கு வருமுன் அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி. “பந்து எங்கயும் போவாதும்மா, உன்னைத் தேடித்தான் வருது. நீ மொதல்ல ஆளப் பாரு.” என் மகள் மூன்று வாரம் திண்டாடினாள். இப்போது பந்து வாங்குமுன் அவள் தலை தானாகவே இரண்டு பக்கமும் திரும்புகிறது.

இப்படிப்பட்டவர் போன வருடம் பயிற்சியாளருக்கான முதல் படியான டி லைசென்ஸ் வகுப்புக்குப் போனார். கட்டணத்துக்கு ஆட்டோ சேட்டிடம் கடன். அத்தனை நாள் வண்டி ஓடாததால் வருமானமும் இல்லை. வகுப்பு முழுக்க ஆங்கிலத்தில். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டோடு வருவார். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் குறித்து வைத்திருப்பார்: டிரான்சிஷன், லோ பிளாக், பிரஸ்ஸிங் டிரிகர். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் அகராதியை வைத்துக்கொண்டு பொருள் சொல்வாள். டிரான்சிஷன் என்றால் பந்து கைமாறும் அந்த நொடி என்று அவள் விளக்கியதும் அவர், “இதுதானா? இதைத்தானே ‘பந்து போச்சா, நின்னு பாக்காத, ஓடு’ன்னு தினம் கத்துறேன்” என்றார். செய்முறையில் அவரைப் பாராட்டியிருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் தேறவில்லை. மறுபடி கட்டணம் கட்டச் சொன்னார்கள். அவர் கட்டவில்லை. நோட்டு இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது.

ஆடிய அனுபவம் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். நன்றாக ஆடியவர் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வருவதில்லை. அதைத் தனியாகக் கற்கத்தான் வேண்டும். டி, பிறகு ஆசிய அளவில் சி, பி, ஏ, ப்ரோ என்று லைசென்ஸில் படிகள் இருப்பதும் சரிதான். ப்ரோ இல்லாமல் ஐ.எஸ்.எல். அணியின் தலைமைப் பயிற்சியாளராக முடியாது. ஆனால் முதல் படியிலேயே ஆங்கிலத்தையும் கடனையும் வைத்தால் யார் ஏறுவார்கள்? ஆடத்தெரியாத, ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு தனியார் அகாடமியில் மாதம் மூவாயிரம் ரூபாய்க்குப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறார்.

காலம் நமக்குச் சாதகமாகத்தான் திரும்பியிருக்கிறது. 2017-இல் மிசோரத்தின் ஐஸ்வால் அணியை அன்றைய தேசிய லீக்கான ஐ-லீக்கில் சாம்பியனாக்கிய காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளரானார். சென்னையின் எஃப்.சி.யும் அதே வருடம் கோவாவின் கிளிஃபோர்ட் மிராண்டாவை அழைத்தது. இருவருமே இந்திய லீக்குகளில் ஆடியவர்கள். பெண்கள் பக்கம் பாருங்கள்: தமிழ்நாட்டு மகளிர் அணி தேசியப் பட்டத்தை 2018-லும் 2023-லும் வாங்கியிருக்கிறது. அந்தப் பெண்கள் ஆட்டத்தை நிறுத்தும் நாளில் அவர்களுக்கு ஒரு விசிலும் ஒரு சம்பளமும் தயாராக இருக்கவேண்டாமா?

நான் கேட்பது மூன்று விஷயம். டி லைசென்ஸ் வகுப்பையும் தேர்வையும் சென்னையில் தமிழில் நடத்தவேண்டும். மாநிலத்துக்கோ முதல் டிவிஷன் லீக்கிலோ ஆடியவர்களுக்குக் கட்டணத்தை அரசு ஏற்கவேண்டும், வகுப்பு நாட்களுக்குத் தினப்படியும் தரவேண்டும். மாநகராட்சிப் பள்ளி மைதானங்களில் இவர்களைப் பகுதிநேரப் பயிற்சியாளராகவாவது நியமிக்கவேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் கண்ணில் படும்படி உங்கள் இதழ் இதை எழுதினால் பலன் இருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் நிருபரை ஒருநாள் காலை ஐந்தரைக்கு எங்கள் கிரவுண்டுக்கு அனுப்புங்கள். ஞாயிறு தவிர எல்லா நாளும் பயிற்சி உண்டு. மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், தண்ணீர் வடிய இரண்டு நாளாகும்.

இப்படிக்கு,
வியாசர்பாடி வாசகர் ஒருவர்,
சென்னை – 39