கீழத்தெரு ஆயாவுக்கும், மதகில் இறங்கிய எல்லோருக்கும்

வணக்கம். நேற்று ராத்திரி ரோட்டுக்கு அடியில் போகும் மதகின் அடைப்பை நாம் எடுத்ததிலிருந்து வயலில் தேங்கிய தண்ணீர் வடிகிறது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன், மேட்டு வயல்களில் சம்பாப் பயிரின் நுனி தெரிகிறது, பள்ளத்தில் இன்னும் நிற்கிறது, ஆனால் நகர்கிறது. ரோட்டு மதகுக்காக எத்தனை நாள் அலைந்தோம் என்பது உங்களுக்கே தெரியும், திரும்ப எழுதவில்லை. கடைமடையில் மேட்டூர்த் தண்ணீர் கடைசியாகத்தான் வரும், மழைத் தண்ணீர்தான் முதலில் வந்து நிற்கும். வெள்ளம் தாங்கும் நெல் ரகமான சி.ஆர். 1009 சப்-1 போட்டவர்களுக்குப் பயிர் மூழ்கினாலும் 2 வாரம்கூடத் தாங்கும், என்னைப் போலச் சாதா பொன்மணி ரகம் போட்டவர்களுக்கு இன்னும் ரெண்டு நாள் போயிருந்தால் குருத்து அழுகியிருக்கும்.

அரிவாளும் மண்வெட்டியுமாக ஓடிவந்த மேலத்தெருப் பிள்ளைகள், டிராக்டரைத் திருப்பி நிறுத்தி வெளிச்சம் காட்டிய அண்ணன், டீ கொடுத்தனுப்பிக் காசு வாங்காத கடைக்காரர், எல்லோருக்கும் மனசார நன்றி.

ஆயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாங்கள் அவசரத்தில் மேல்பக்கமாக, ஆகாயத்தாமரை மெத்தை மாதிரி அடைத்துக் கிடந்த இடத்திலேயே இறங்கப் போனோம். மாட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஆயாதான் சத்தம் போட்டார். "தம்பி, அங்க எறங்காத! அடைப்பு விட்டுச்சுன்னா ஆளையும் சேர்த்துக் குழாய்க்குள்ள இழுத்துரும். கீழ்ப்பக்கம் போயி, ஓரமா நின்னு கொஞ்சம் கொஞ்சமா எடு." அதோடு விடவில்லை. கயிறு இருக்கிறதா என்றார். எங்களிடம் இல்லை. உடனே மாட்டுக் கயிற்றை அவிழ்த்து என் தம்பி இடுப்பில் கட்டச் சொல்லிவிட்டு, தலையில் மழைக்குப் போட்டிருந்த பழைய சேலைத் துணியை மாட்டின் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ரெண்டு மணி நேரம் நனைந்தபடி நின்றார். அந்த வாய்க்காலில் அவருக்கு ஒரு சென்ட் வயல் கிடையாது.

காட்டாமணக்குக் கழியும் தென்னமட்டையும் பின்னிக் கிடந்த பந்து கடைசியில் பிடுங்கிக்கொண்டு வந்தபோது, தண்ணீர் பீறிட்டு அடித்ததில் தம்பிக்குக் கால் தரையில் இல்லை. நாலு பேர் கயிற்றை இழுத்துப் பிடித்தோம். அது இல்லையென்றால் இன்றைக்கு நான் என்ன எழுதிக்கொண்டிருப்பேனோ, நினைக்கவே கை நடுங்குகிறது.

அப்புறம் ஒன்று. அந்தப் பந்துக்குள் சிக்கியிருந்த நீல வலை என்னுடையது. கத்தரிக்காய்க்கு வேலி கட்டி, கிழிந்ததும் வாய்க்கால் கரையில் நான்தான் போட்டேன். இனி வருஷா வருஷம் புரட்டாசியில், மழைக்கு முன்னாடியே, அந்த மதகை நான் இறங்கிச் சுத்தம் செய்வேன். யாரும் கூப்பிட வேண்டாம்.

ஆயா, கயிறு எங்கள் திண்ணையில் காய்கிறது. சாயந்திரம் புதுக் கயிறு ஒன்றும் சேர்த்துக் கொண்டுவருகிறேன்.