கோவில்பட்டிக் கடலைமிட்டாய் உற்பத்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையையும் வெல்லப்பாகையும் கொண்டு நீங்கள் தலைமுறைகளாகச் செய்துவரும் மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தபோது, பக்கத்து மாவட்டத்தில் அதே தொழிலைச் சிறு அளவில் செய்துவரும் எனக்கும் அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை உரிமையாக எடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கடலை வறுப்பதும் பாகு காய்ச்சுவதும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பாக்கெட் போடும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சில ஆண்டுகளுக்கு முன், வெளியூர்ப் பேரங்காடி ஒன்றுக்கு நான் அனுப்பிய சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். துண்டுகள் பாகு கசிந்து உறையோடு ஒட்டிக்கிடந்தன; தயாரிப்புத் தேதியை விரலால் தொட்டதும் மை கையோடு வந்துவிட்டது. மிட்டாயில் குறை இல்லை, அதே அடுப்பில் செய்து கடையில் விற்றது நன்றாகவே இருந்தது. காரணம் பாக்கெட்டின் வாயைச் சூட்டில் ஒட்டும் சீலில் இருந்தது. காலால் மிதிக்கும் சீலரில் ஒருவர் எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும், மாலை மூன்று மணிக்கு மேல் அழுத்தம் தளரும். பாக்கெட்டின் வாயில் ஒரு வெல்லத் துணுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால், அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழி திறந்தே இருக்கும். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். கடலையின் எண்ணெயோ ஆக்சிஜன் பட்டால் சிக்கு வாடை அடிக்கும். இரண்டும் சேர்ந்த ஒரு பண்டத்துக்கு இறுக்கமான உறையைவிடப் பெரிய காவல் வேறில்லை. இயந்திரத்தில் சூடும் அழுத்தமும் காலை முதல் இரவு வரை மாறாமல் நிற்கும். தேவையானால் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்பவும் முடியும்.

அடுத்தது எடை. கையால் நிரப்பும்போது, குறைந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் நாம் எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகவே போடுகிறோம். 200 கிராம் பாக்கெட்டில் சராசரியாக 6 கிராம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டன் மிட்டாயில் 5,000 பாக்கெட் வர வேண்டிய இடத்தில் சுமார் 4,854 தான் வரும். அதாவது 146 பாக்கெட்டுகளின் கடலையும் வெல்லமும் விறகும் கூலியும் யாருடைய கணக்கிலும் ஏறாமல் போகின்றன. குறைத்துப் போடுவதும் முடியாது. தனியொரு 200 கிராம் பாக்கெட்டில் 9 கிராம் வரையிலான குறைவை எடையளவுச் சட்ட விதிகள் பொறுத்துக்கொண்டாலும், சோதனைக்கு எடுக்கும் பாக்கெட்டுகளின் சராசரி, உறையில் அச்சிட்ட எடைக்குக் கீழே போகக் கூடாது. எடை சரிபார்க்கும் கருவியை இயந்திரத்தோடு இணைத்துவிட்டால், கூடுதலும் குறைவும் அங்கேயே ஒதுங்கிவிடுகின்றன. தேதி, தொகுதி எண், விலை ஆகியவற்றையும் பாக்கெட் ஓடும்போதே அழியாத மையில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

இயந்திரம் வந்தால் பாக்கெட் போடும் பெண்களின் பிழைப்பு என்னாகும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், நம் ஊர்ப் பட்டறைகளில் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் பட்டறையில் ஆறு பேர் இருந்தார்கள். யாரையும் அனுப்பக் கூடாது என்று முதலிலேயே முடிவுசெய்தேன். இருவர் இயந்திரத்தை இயக்கப் பழகினார்கள், மற்றவர்கள் கடலை பொறுக்குவதற்கும் சரக்கு அனுப்பும் வேலைக்கும் மாறினார்கள். ஆர்டர் பெருகியதால்தான் இது முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்பனையை வளர்க்கும் திட்டம் இல்லாமல் இயந்திரத்தை மட்டும் வாங்குபவர் அந்தச் சுமையைத் தொழிலாளர் தலையில்தான் இறக்கிவைப்பார்.

இயந்திரம் வந்த முதல் மாதம் எனக்கு நட்டமே. துண்டுகளின் கனம் ஒன்றுபோல் இல்லாததால் சில துண்டுகள் சீல் விழும் இடத்தில் மாட்டிக்கொண்டன, உறைச்சுருள் கிலோக் கணக்கில் வீணானது. பாகைத் தட்டில் கொட்டிப் பரப்பும்போதே கனத்தைச் சீராக்கி, வெட்டும் அச்சையும் மாற்றிய பிறகே ஓட்டம் சீரானது. எனவே இயந்திரத்துக்கு முன்பணம் கட்டும் முன், உங்கள் துண்டுகளையே ஒரு மூட்டை கொண்டுபோய் அதில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பழுது வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியே வாங்குவது சிறியவர்களால் ஆகாத காரியம். அப்படி வாங்கினாலும் நாளில் பாதி நேரம் இயந்திரம் சும்மா நிற்கும். ஆகவே நீங்கள் சேர்ந்து ஒரு பொதுப் பாக்கெட் நிலையம் அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிறு உணவுத் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-இல் தொடங்கிய திட்டத்தில், தனிப் பட்டறைக்கு 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் என்று கடனோடு இணைந்த மானியம் வைத்திருந்தார்கள். பொது வசதிகளுக்கும் அதில் இடம் இருந்தது. இப்போது எது கிடைக்கும் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் சேர்ந்து போய்க் கேளுங்கள். அவரவர் பெயரும் அவரவர் உறையும் அப்படியே இருக்கலாம், சுருளை மாற்றினால் போதும்.

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவீர்கள் என்று நம்புகிறேன். அதற்கு முன் ஓடும் இயந்திரத்தை நேரில் பார்க்க விரும்புவோர் என் பட்டறைக்கு எந்த வேலை நாளிலும் வரலாம். வரும்போது உங்கள் மிட்டாயில் இரண்டு கிலோ எடுத்து வாருங்கள், அதையே ஓட்டிப் பார்ப்போம்.

இப்படிக்கு,
விருதுநகர் மாவட்டத்துச் சக உற்பத்தியாளன்