எந்தக் கருவியில் விளையாடிவிட்டு எழுதினார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீடியோ கேம் பகுதியை எழுதுகிறவர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தார். கையடக்கக் கருவியில் உதைபந்தாட்டம் விளையாடுவது சின்னப்பிள்ளைகளின் நேரப்போக்காம், உண்மையான ரசிகர்கள் பெரிய திரையில்தான் விளையாடுவார்களாம். அதை வாசித்த பிறகு எனக்குக் காலைத் தேநீர் இறங்கவில்லை. அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு உங்கள் பத்திரிகைதான் வருகிறது. அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 42. புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் ஒரு ரீவி. மாலை ஆறரைக்குப் பிறகு அது அம்மாவின் நாடகங்களுக்கு. 2018 ஆவணியில் அண்ணா ரொறன்ரோவிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்கக் கருவியும் அதில் ஆட பீபா 18 என்ற உதைபந்தாட்ட வீடியோ கேமும் கொண்டுவந்து தந்தார். அது வந்திராவிட்டால் எங்கள் வீட்டில் ஒருவரும் இந்த விளையாட்டைத் தொட்டே இருக்க மாட்டோம். என்னையும் என் மருமகனையும் ரசிகர்கள் இல்லை என்று சொல்ல அவருக்கு எப்படி மனம் வந்தது?

அந்த 6.2 அங்குலத் திரையில் பீபா 18 விநாடிக்கு 60 பிரேமில், அதாவது 60 படங்களாக, ஓடியது உங்களுக்குத் தெரியும்தானே. பந்து காலை விட்டு எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறது, எப்போது திரும்பலாம் என்பதெல்லாம் கைக்குத் தெரியும். கோட்டையில் ரயில் ஏறி இருக்கை கிடைத்தால் வெள்ளவத்தையில் இறங்குவதற்குள் ஓர் ஆட்டம் முடிந்துவிடும். முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு பட்டனை அமுக்கிப் பையில் போட்டுவிட்டு அடுத்த நாள் அதே கோர்னர் உதையிலிருந்து தொடங்கலாம். இரண்டு பக்கமும் உள்ள கொன்ட்ரோலர்களைக் கழற்றி ஆளுக்கொன்றாக எடுத்தால் இரண்டு பேர் ஆடலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த இரவுகளில் எங்கள் தொடர்மாடியின் படிக்கட்டில் அயல்வீட்டுப் பிள்ளைகள் ஆறேழு பேர் வரிசை வைத்து ஆடினார்கள். சார்ஜ் மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கும்வரை அந்தப் படிக்கட்டில் யாரும் மின்சாரத்தைப் பற்றிப் பேசவில்லை.

குறைகள் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. தனிக் கொன்ட்ரோலரில் விரலால் அசைக்கிற ஸ்டிக் ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது ஸ்டிக்கை வைத்துச் செய்கிற வித்தைகள் எதையும் நேரே செய்ய முடியாது. பட்டன்கள் என் விரலுக்கு மிகவும் சின்னவை. திரையின் அடியில் இருக்கும் வரைபடத்தில் வீரர்கள் கடுகு அளவுக்குத் தெரிவார்கள். மாலை ரயிலில் கடல் பக்கம் உட்கார்ந்தால் வெயில் நேரே திரையில் விழும், பந்தே தெரியாது. ரீவியில் பொருத்தி ஆடும் பெரிய கருவிகளின் பதிப்பில் இருந்த கதைப் பகுதி இதில் கிடையாது, விளையாட்டை இயக்குகிற மென்பொருளான எஞ்சினும் வேறு. எனக்கு மிகவும் நொந்தது இன்னொன்று. பீபா 18-ல் நண்பரை ஒன்லைனில் அழைத்து ஆட வசதி வைக்கவில்லை. அண்ணா திரும்பிப் போய்த் தனக்கும் ஒன்று வாங்கினார், நானும் இங்கே வைத்திருந்தேன், இரண்டு பேரும் தனித்தனியே ஆடினோம். அடுத்த வருடப் பதிப்பில்தான் அது சரியானது. இவற்றையெல்லாம் உங்கள் எழுத்தாளர் எழுதியிருந்தால் கைகூப்பியிருப்பேன்.

இனி, நான் மறக்காமல் வைத்திருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பீபா 20 வந்தபோது ஸ்விட்ச் பதிப்பில் ஜேர்சிகளும் அணிப் பட்டியலும்தான் புதியவை, விளையாடும் விதம் முந்தைய வருடத்ததுதான் என்று வெளியிட்டவர்களே அறிவித்தார்கள். அதற்கு லெகசி, அதாவது பழையதன் தொடர்ச்சி, பதிப்பு என்று பெயரும் வைத்தார்கள். பீபா 23 வரை நான்கு வருடம் இதே கதை. 2021-ல் பீபா 22 வந்தபோது உங்கள் பத்திரிகை என்ன எழுதியது? ஹைப்பர்மோஷன் என்று அரைப் பக்கம். 22 பேர் உணரிகள் பொருத்திய உடை போட்டு ஒரு முழு ஆட்டம் ஆடியதைப் பதிவுசெய்து வீரர்களின் அசைவை உருவாக்கினார்களாம், எல்லாரும் வாங்க வேண்டுமாம். அந்த நுட்பம் பிளேஸ்டேஷன் 5 போன்ற புதிய பெரிய கருவிகளுக்கு மட்டும் என்ற ஒரு வரி அதில் எங்கேயும் இல்லை.

என் மருமகனுக்கு அப்போது 11 வயது. சித்திரை வருடப்பிறப்புக்குக் கிடைத்த கைவிசேடம் முழுவதையும் எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்திருந்தான். உங்கள் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குப் போனான். கடைக்காரத் தம்பியும் புதுசு புதுசு என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பழைய ஓட்டம், பழைய உதை, சட்டை மட்டும் வேறு. “மாமா, நான்தான் பிழையாக வாங்கிவிட்டேனா?” என்று கேட்டான். அன்றிரவே உங்களுக்குக் கடிதம் எழுதினேன். அது பத்திரிகையில் வரவே இல்லை.

பிறகு 2023-ல் அந்த பீபா விளையாட்டே பெயர் மாறி எஃப்சி 24 என்று வந்தது. ஸ்விட்ச்சுக்கும் கடைசியில் பெரிய பதிப்பின் எஞ்சின் கிடைத்தது, ஆனால் 60 பிரேம் 30 ஆகிவிட்டது. பார்க்க அழகு, காலில் கனம். எனக்குப் பழையதுதான் கைக்கு நல்லது, மருமகன் புதியதைத்தான் எடுக்கிறான். இதை வைத்து எத்தனை ஞாயிறு எழுதலாம்! உங்கள் பகுதியில் ஒரு சொல் கூட வரவில்லை.

விளையாட்டுப் பக்கமும் அப்படித்தான். 1995-ல் கொழும்பு சுகததாச அரங்கில் நம் இலங்கை அணி இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணத்தை எடுத்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, அப்பாவின் தோளைப் பிடித்து வாங்கின்மேல் ஏறி நின்று பார்த்தேன். இன்று இங்கிலாந்து லீக்குக்கு முழுப் பக்கம். நம்முடைய கழகங்கள் ஆடினால் கட்டைவிரல் அளவு செய்தி. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா நம் நாட்டைத் தடைசெய்தபோது தலைப்பு வந்தது. ஓகஸ்டில் தடையை நீக்கியதை நான் மூலையில் தேடிக் கண்டுபிடித்தேன். வீடியோ கேமிலும் இதே நிலைதான்: இந்தியாவின் லீக் பீபா 22-ல் சேர்ந்தது. நம் அணியைத் தேடித் தேடி மருமகன் களைத்துவிட்டான்.

நான் கேட்பது ஒன்றுதான். வீடியோ கேம் பற்றி எழுதும்போது கட்டுரையின் அடியில், எழுதியவர் அதை எந்தக் கருவியில் விளையாடினார் என்று ஒரு வரி போடுங்கள். விளையாடாமல் எழுதினால் அதையும் போடுங்கள். 2021-ல் அனுப்பிய கடிதத்தின் பிரதியையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.