கிளினிக்கில் கூட நிற்க ஓர் ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருக்கும், கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவருக்குச் சீனி வியாதி. கிளினிக் நாளில் அன்றைய பேரை (நாள் சம்பளத்தை) விட்டுவிட்டு விடியவே பஸ் ஏறுகிறார், அங்கே சிங்களத்தில் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு மருந்து உறையோடு திரும்புகிறார். போன மாதம் காலில் அட்டை கடித்த இடம் ஆறாமல் சீழ் வைத்திருந்தது, கால் மரத்துப்போனதால் வலியே தெரியவில்லையாம், டாக்டரிடம் சொல்லவுமில்லை.

இலங்கையில் தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. சரி, அது கிளினிக் வாசல் வரை வர வேண்டாமா?

பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும், பிரிட்ஜ் இல்லாத லயத்தில் என்ன செய்வது என்று கேட்கவும், கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டாதீர்கள் என்று தோட்டத்துரையிடம் பேசவும் இவரைப் போன்றவர்களுக்கு ஒரு துணை வேண்டும். மலையகக் கிளினிக்குகளில் தமிழ் பேசும் உதவியாளர்களைச் சுகாதார அமைச்சு நியமிக்கட்டும், தொழிற்சங்கங்களும் கேட்கட்டும்.

தோட்ட வாசகர்,
மஸ்கெலியா